கொழுப்புத் திருத்தமா, கொழுப்புவழிச் செறிவா?

அனைவருக்கும் வணக்கம்.

இரத்தத்தில் உள்ள மாசின் அளவை இரத்தக் கொழுப்பைக் கணக்கில் எடுத்துச் சொல்வதை ஆங்கிலத்தில் lipid adjustment என்கிறார்கள்; நம் அகராதியில் அதற்குத் தமிழ்ச்சொல் ‘கொழுப்புத் திருத்தம்’ என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. எனக்கு உடன்பாடில்லை. திருத்தம் என்றாலே முதலில் ஏதோ பிழை இருந்ததாக ஆகிவிடும், இங்கே ஆய்வகம் எதையும் தப்பாக அளக்கவில்லையே.

டிடிஇ (டிடிடி பூச்சிக்கொல்லி சிதைந்து வருவது), பிசிபி, டையாக்சின் போன்ற நெடுங்காலம் தங்கும் மாசுகள் எல்லாம் தண்ணீரை விட்டுக் கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்பவை. இரத்தத்திலும் கொழுப்போடுதான் சுற்றும். ஆகவே ஒருவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து இரத்தம் கொடுத்தால் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஏறியிருக்கும், கூடவே பிசிபி அளவும் ஏறியிருக்கும், ஆனால் உடம்பில் சேர்ந்திருக்கிற மொத்த பிசிபி அப்படியேதான் இருக்கும். இதனால்தான் ஒரு மில்லிலிட்டர் சீரத்துக்கு (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்ப்பகுதிக்கு) எவ்வளவு என்பதை ஒரு கிராம் கொழுப்புக்கு எவ்வளவு என்று மாற்றிச் சொல்கிறார்கள்.

கணக்கு சுலபம். 1989இல் பிலிப்ஸ் குழு தந்த சூத்திரப்படி கொலஸ்டிராலை 2.27ஆல் பெருக்கி, டிரைகிளிசரைடையும் 62.3ஐயும் கூட்டினால் மொத்தக் கொழுப்பு, டெசிலிட்டருக்கு மில்லிகிராமில். கொலஸ்டிரால் 200, டிரைகிளிசரைடு 150 என்றால் 666.3, அதாவது மில்லிலிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் பிசிபி இருந்தால் அது கிராம் கொழுப்புக்குச் சுமார் 600 நானோகிராம். வகுத்தோம், அவ்வளவுதான். இந்த எண்ணுக்கு ‘கொழுப்புவழிச் செறிவு’ போதும், வகுக்காத எண்ணைச் ‘சீரவழிச் செறிவு’ எனலாம்.

இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது, அதையும் இதையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதுதான் என் முக்கியமான புகார். நோய்க்கும் மாசுக்கும் தொடர்பு தேடும்போது சிலர் வகுக்காமல், கொழுப்பைத் தனி மாறியாகப் புள்ளியியல் சமன்பாட்டில் சேர்த்துவிடுவார்கள். இரண்டும் ஒரே விடையைத் தரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வகுப்பது பல சூழல்களில் விடையை ஒரு பக்கம் சாய்த்துவிடும் என்று ஷிஸ்டர்மன் குழு 2005இல் கணினிப் பாவனையில் காட்டியது. பிசிபியே இரத்தக் கொழுப்பை ஏற்றிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது எதை எதால் வகுக்கிறோம்?

இந்த வேலைக்குச் ‘சரிக்கட்டல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் ஐயா, ஆளைச் சரிக்கட்டுவது நினைவுக்கு வந்து தொலைக்கிறது. ‘கொழுப்புசார் சரிப்படுத்தல்’ என்று வைத்தால் நீளம்தான், ஆனால் வம்பில்லை.

lipid என்பதற்குக் கொழுப்பு என்னாமல் ‘கொழுமியம்’ என்பது பற்றி: வேதியியல் நூலில் எனக்கு மறுப்பில்லை, கொலஸ்டிராலும் பாஸ்போலிப்பிடும் அடங்கும் என்பதால் அதுதான் துல்லியமும்கூட. இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்திருப்பவருக்கு விளக்கும்போது கொழுப்பு என்றே இருக்கட்டும்.

அப்புறம், அகராதிப் பதிவில் ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும். பிஎஃப்ஓஎஸ், பிஎஃப்ஓஏ போன்ற புளோரின் சேர்மங்களும் ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்குபவைதான், ஆனால் அவை இரத்தத்தில் பெரும்பாலும் ஆல்புமின் புரதத்தோடு பிணைகின்றன. அவற்றைக் கொழுப்பால் வகுப்பதில் பொருளில்லை, சீரவழிச் செறிவாகவே கொடுக்க வேண்டும். மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள்.