மேக்கில் விண்டோஸ், அதற்குள் என்விடிஏ: இன்சர்ட் விசைக்கு ஓர் இடம்

பார்வையற்றவனான எனக்கு மேக்புக்கும், திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் அதன் வாய்ஸ்ஓவரும் நன்கு பழகியவை. ஆனால் அலுவலகத்தின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குவதால், மேக்குக்குள்ளேயே இன்னொரு கணினியை (மெய்நிகர் கணினி) இயக்கும் விஎம்வேர் ஃப்யூஷனில் விண்டோஸ் 11ஐ நிறுவி, அதற்குள் என்விடிஏ திரைவாசிப்பானைக் கொண்டு வேலை செய்கிறேன். ஃப்யூஷன் 2024 நவம்பரிலிருந்து எல்லாருக்கும் இலவசம். என்விடிஏ எப்போதுமே இலவசம். இந்த ஏற்பாட்டில் உண்மையான தடையாக நின்றது ஒரே ஒரு விசைதான்.

என்விடிஏவின் கட்டளைகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்சர்ட்டையோ கேப்ஸ் லாக்கையோ அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு விசையைத் தட்ட வேண்டும். ஆப்பிள் விசைப்பலகையில் இன்சர்ட் விசையே கிடையாது. கேப்ஸ் லாக் இருக்கிறது. ஆனால் அதை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும், ஒரு முறை தட்டிவிட்டு விட்டதாகவே உள்ளிருக்கும் விண்டோஸ் புரிந்துகொள்கிறது. சாளரத்தின் தலைப்பைக் கேட்பதற்காகக் கேப்ஸ் லாக்குடன் 'டி'யைத் தட்டினால், தலைப்பு வாசிக்கப்படுவதில்லை; திறந்திருக்கும் ஆவணத்தில் 'டி' என்ற எழுத்து விழுகிறது. பார்வையுள்ளவர் உடனே கண்டு அழித்துவிடுவார். நமக்கோ, எழுத்தொலியைக் கவனிக்கத் தவறினால், கணக்கேட்டின் ஒரு கட்டத்தில் அது அப்படியே தங்கிவிடும்.

மேக்கிலேயே காராபைனர் எலிமென்ட்ஸ் மூலம் விசையை மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். அது திறமையான மென்பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், நான் கேப்ஸ் லாக்கை வாய்ஸ்ஓவரின் கட்டளை விசையாக வைத்திருப்பதால் மேக்கின் பக்கம் கை வைக்க விரும்பவில்லை. விசை மாற்றத்தை மெய்நிகர் கணினிக்குள்ளேயே செய்வதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. அந்த மெய்நிகர் கணினியை நாளை வேறொரு மேக்குக்கு நகலெடுத்துச் சென்றாலும் மாற்றம் அதனுடனேயே வந்துவிடும்.

நான் பயன்படுத்துவது ஷார்ப்கீஸ் என்னும் சிறிய இலவசக் கருவி. ஃப்யூஷனில் வலப்புறக் கமாண்ட் விசை, விண்டோஸுக்கு வலப்புற விண்டோஸ் விசையாகப் போய்ச் சேர்கிறது. ஆகவே ஷார்ப்கீஸில் 'ஆட்' பொத்தானை அழுத்தி, முதல் பட்டியலில் வலப்புற விண்டோஸ் விசையையும் (குறியீடு இ0_5சி) இரண்டாம் பட்டியலில் இன்சர்ட்டையும் (இ0_52) தேர்ந்தெடுத்து, 'ரைட் டு ரெஜிஸ்ட்ரி' கொடுத்து, விண்டோஸை மறுதொடக்கம் செய்தேன். டேப், அம்புக்குறி, என்டர் ஆகிய விசைகளே இதற்குப் போதுமானவை என்பதால், இன்சர்ட் இல்லாத நிலையிலும் பார்வையுள்ளவர் துணையின்றி இதைச் செய்து முடிக்கலாம். இதே முறையில் வலப்புற ஆப்ஷனை, சூழல் பட்டியைத் திறக்கும் அப்ளிகேஷன்ஸ் விசையாக மாற்றிக்கொண்டேன்.

ஷார்ப்கீஸ் பின்னணியில் இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள் அன்று. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ஸ்கேன்கோட் மேப்' என்ற ஒரு மதிப்பை எழுதுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பிறகு விண்டோஸே அதைப் படித்து நடந்துகொள்கிறது. கடவுச்சொல் கேட்கும் உள்நுழைவுத் திரையிலும் இன்சர்ட் வேலை செய்வது இதனால்தான். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் கருவித்தொகுப்பிலும் விசைகளை மாற்றித்தரும் விசை மேலாளர் உண்டு; ஆனால் அது, உள்நுழைந்து அந்த மென்பொருள் இயங்கத் தொடங்கிய பிறகே பலன் தரும். பார்வையற்றவருக்கு உள்நுழைவுத் திரைதான் மிகவும் தனிமையான இடம் என்பதால், இந்த வேறுபாட்டை நான் சிறியதாகக் கருதவில்லை.

இடப்புறக் கமாண்டை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள். தமிழ் விசைப்பலகைக்கு மாற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் தேவை. அந்தச் சேர்க்கையை மேக் தன் ஸ்பாட்லைட் தேடலுக்காக எடுத்துக்கொண்டால், ஃப்யூஷனின் விசைப்பலகை அமைப்புகளில் மேக் குறுக்குவிசைகளை அணைத்துவிட வேண்டும். மெய்நிகர் கணினிக்குள் நுழையும்போது கமாண்ட், எஃப்5 கொடுத்து வாய்ஸ்ஓவரையும் நிறுத்திவிடுவது நலம். இல்லையேல் இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பேசும்.

மறுமொழி:

பயனுள்ள விளக்கத்துக்கு நன்றி, ஐயா. என்னுடைய நிலை சற்று வேறானது. வெளியிலும் விண்டோஸ், ஃப்யூஷனைப் போன்ற மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளும் விண்டோஸ், இரண்டிலும் என்விடிஏ என்று வைத்திருக்கிறேன். விசையை மாற்றாமலே, வெளியே உள்ள என்விடிஏவின் விசைப்பலகை அமைப்பில் கேப்ஸ் லாக்கை மட்டும் கட்டளை விசையாகத் தேர்ந்தெடுத்து, உள்ளே இருப்பதில் இன்சர்ட்டை மட்டும் விட்டுவைத்தேன். எந்தக் கட்டளை எந்தக் கணினிக்குப் போகிறது என்பது இப்போது விரலுக்கே தெரிகிறது. வெளியே உள்ள என்விடிஏ முழுவதுமாக அமைதியாக இருக்க வேண்டுமானால், விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தில் இருந்துகொண்டு கேப்ஸ் லாக், ஷிஃப்ட், எஸ் கொடுத்து அதை உறக்க நிலைக்கு அனுப்பலாம். மடிக்கணினி அமைப்பில் எஸ்ஸுக்குப் பதில் இசட். பேச்சை நிறுத்த வலப்புறக் கன்ட்ரோலைத் தட்டும் பழக்கமுள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விர்ச்சுவல்பாக்ஸில் விசைப்பலகையை வெளியே விடுவிக்கும் விசையாக அதுவே முதலில் அமைந்திருக்கிறது. இடப்புறக் கன்ட்ரோலுக்குப் பழகிக்கொள்ளலாம், அல்லது அமைப்புகளில் அந்த விசையை வேறொன்றாக மாற்றிவிடலாம்.