ஜிப் கோப்பைப் பூட்டினாலும் உள்ளே இருக்கும் பெயர்கள் தெரிகின்றனவே?

கேள்வி (தண்டையார்பேட்டை):
வணக்கம். எம்.சி. சாலைத் துணிக்கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஆடிட்டருக்கு அனுப்ப 60 எம்.பி. பில் படங்களை ஜிப் ஆக்கி (ஒரே கோப்பாகச் சுருக்கிக் கட்டி)க் கடவுச்சொல் இட்டேன். 58 எம்.பி.க்குக் கீழே இறங்கவில்லை. கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு கோப்பின் பெயரும் தெரிகிறது. பெயரிலேயே கடைக்காரரின் பான் எண் இருக்கிறது! என்னை நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

பதில் 1 (ராயபுரம்):
ஜேபெக் (.jpg) படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான் ஐயா. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? ஸ்கேன் செய்யும்போதே 150 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளிகள்), கறுப்பு வெள்ளை என்று வையுங்கள். பில்லுக்கு அது போதும்.

பதில் 2 (பெரம்பூர்):
வழக்கமான ஜிப் முறை, கோப்புகளின் உள்ளடக்கத்தைப் பூட்டும், பெயர்ப் பட்டியலைப் பூட்டாது. 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில் '7இசட்' (.7z) வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல் பெட்டிக்குக் கீழே கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். அதன் பூட்டு ஏஇஎஸ்-256 என்ற வலுவான குறியாக்க முறை. ஜிப்தான் வேண்டுமென்றால் குறியாக்க முறையில் 'ஜிப்கிரிப்டோ'வை விட்டுவிட்டு ஏஇஎஸ்-256-ஐ எடுங்கள், முன்னது பலவீனமான பழைய முறை. கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாதீர்கள், தொலைபேசியில் சொல்லுங்கள். மறந்தால் மீட்க வழியில்லை. அசல் படங்களை அழிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
செய்துவிட்டேன். இப்போது பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை. மறுபடி ஸ்கேன் செய்ததில் 14 எம்.பி.தான், ஜிமெயிலின் 25 எம்.பி. வரம்புக்குள் அடங்கிவிட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.