மெடிக்கல் கோர்காரன் துப்பாக்கி தூக்கினானா?

கொண்டைஊசி 20:
ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டி பக்கம் முன்னாள் படைவீரர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மெடிக்கல் கோரில், அதாவது ராணுவ மருத்துவப் படையில், இருந்தவர்கள் துப்பாக்கி தூக்காதவர்கள், ஊசி போட்டவர்கள், அவர்களுக்கு எதற்கு முன்வரிசை நாற்காலி?" என்று பேசினார். நாலு பேர் கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நான் 17 வருடம் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்தவன். எங்கள் கோரின் லக்னோ பயிற்சி சென்டரில் முதலில் டிரில், ஃபயரிங் எல்லாம் முடித்த பிறகுதான் ஊசியைக் கையில் கொடுத்தார்கள். யூனிட்டில் ஒரு தோளில் ரைஃபிள், இன்னொரு தோளில் மருந்துப் பை. தூக்காதவன் என்று எவன் சொன்னது?

சூரமங்கலத்தான்:
நான்தான் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். சென்டரில் சுடுவது பெரிய விஷயமா? என்சிசி பையன்கூடத்தான் சுடுகிறான். எதிரியைப் பார்த்துச் சுட்டீர்களா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஆத்தூர் வாசகன்:
முன்னாள் படைவீரர் என்றால் யார் என்பதை முதலில் பேசிக்கொண்டால் நல்லது. அரசாங்கக் கணக்கில் சமையல்காரர், டிரைவர், கிளார்க் எல்லாருமே முன்னாள் படைவீரர்தானே?

சூரமங்கலத்தான்:
அரசாங்கக் கணக்கைக் கேட்கவில்லை. துப்பாக்கியைக் கேட்டேன்.

கொண்டைஊசி 20:
சரி, துப்பாக்கியையே பேசுவோம். 1949 ஜெனீவா ஒப்பந்தம் மருத்துவப் படையினரைத் தாக்கக் கூடாது என்கிறது. தன்னையும் தன் பொறுப்பில் இருக்கும் காயம்பட்டவனையும் காப்பாற்ற அவர்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம், அதனால் அந்தப் பாதுகாப்பு போய்விடாது என்றும் சொல்கிறது. எங்கள் ரைஃபிள் அதற்குத்தான். முன்னேறிப் போய்ச் சுடுவது எங்கள் வேலை இல்லை. அதை ஏதோ குறை மாதிரி பேசுகிறீர்கள்.

வேலை என்னவென்று கேளுங்கள். நம் ஏற்காடு ஐயாயிரம் அடி. அதை மூன்றாக அடுக்கினால் வரும் உயரத்தில் ஒரு போஸ்ட். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சில் காதை வைத்தால் சோறு கொதிக்கிற மாதிரி சத்தம், வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை. ஹாப்போ என்கிற மலை உயர நோய். நுரையீரலில் நீர் கோத்துவிடும், சீக்கிரம் கீழே இறக்காவிட்டால் ஆள் போய்விடுவான். டிரிப் பாட்டில் உறைந்துவிடக் கூடாது என்று என் கோட்டுக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தேன். நாடி பார்க்கக் கையுறையைக் கழற்றினால் இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். ஆக்சிஜனை மாட்டி, ஸ்ட்ரெச்சரில் நாலு பேர் மாறி மாறித் தூக்கி விடிவதற்குள் கீழே கொண்டுவந்தோம். அந்தப் பையன் உயிரோடு இருக்கிறான், வருடா வருடம் பொங்கலுக்கு போன் பண்ணுகிறான்.

சூரமங்கலத்தான்:
பையன் பிழைத்ததில் சந்தோஷம். பனியை எதிரி என்று சொல்ல முடியாது. துப்பாக்கி?

ஆத்தூர் வாசகன்:
மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங்கைத் தெரியுமா? மணிப்பூர்க்காரர், மருத்துவப் படை டாக்டர். 2010 பிப்ரவரி 26, காபூலில் நம் ஆட்கள் தங்கியிருந்த விடுதியைத் தாக்கினார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் தாக்கியவனைக் கட்டிப் பிடித்து அமுக்கினார். அவன் உடம்பில் இருந்த குண்டு வெடித்து இவரும் போனார். அவரோடு இருந்த பலர் பிழைத்தார்கள். அசோக சக்ரா கொடுத்தார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சூரமங்கலத்தான்:
அவர் தெய்வம். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் கையில் ஒன்றும் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்களே.

கொண்டைஊசி 20:
இதைவிட அசிங்கமான பேச்சு வேண்டுமா? கையில் ஒன்றும் இல்லாமல் செத்தவரை வைத்தே "துப்பாக்கி இல்லை" என்கிறார்!

மலைக்காற்று:
எங்கள் அம்மா மிலிட்டரி நர்சிங் சர்வீஸில் கேப்டனாக இருந்தவர். 1926இல் தொடங்கிய சர்வீஸ். நீங்கள் இரண்டு பேரும் முன்வரிசை நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறீர்கள், அதே கூட்டத்தில் என் அம்மாவை "சிஸ்டர், நீங்கள் லேடீஸ் பக்கம் உட்காருங்கள்" என்றார்கள். சொன்னது கொண்டைஊசி அண்ணன்தான்.

கொண்டைஊசி 20:
அம்மா மீது எனக்கு மரியாதை இல்லாமலா? ஆஸ்பத்திரியில் காலம் காலமாக சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், அது பாசத்தில் வருவது.

மலைக்காற்று:
கேப்டனை கேப்டன் என்று கூப்பிடுங்கள். பாசத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூரமங்கலத்தான்:
நல்லா கேட்டீங்க தங்கச்சி.

கொண்டைஊசி 20:
நீங்கள் நடுவில் வராதீர்கள். உங்களுக்கு ஏன் எங்கள் கோர்மேல் இவ்வளவு காட்டம் என்று எனக்குத் தெரியும். சங்கத் தேர்தலில் எங்கள் ஆட்கள் ஓட்டுப் போடவில்லை, அவ்வளவுதான். குடியரசு தின பேனரில் என் படத்தை எடுத்ததும் நீங்கள்தான்.

சூரமங்கலத்தான்:
பேனர், தேர்தல் எல்லாம் உங்கள் மனதில் இருக்கிறது. காரணம் கேட்கிறீர்கள், சொல்கிறேன். 99 கார்கில் சண்டையில் திராஸ் பக்கம் என் பக்கத்தில் இருந்தவனுக்குத் தொடையில் ஸ்பிளிண்டர், ஷெல் சிதறல். மூன்று மணி நேரம் உங்கள் ஆள் ஒருவரும் மேலே வரவில்லை. என் பாக்கெட்டில் இருந்த கட்டுத்துணியை வைத்து நான்தான் அமுக்கிக்கொண்டு இருந்தேன். துணி நனைந்து, கை நனைந்து, முழங்கை வரைக்கும் நனைந்தது. விடிந்தபோது அவன் இல்லை. அப்புறம் மேடையில் உங்கள் கோரைப் பாராட்டச் சொன்னால் எனக்கு வராது.

கொண்டைஊசி 20:
அதற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் ஷெல் விழுகிற சரிவில் ஸ்ட்ரெச்சர் ஏற முடியாது என்பது காலாட்படைக்காரரான உங்களுக்குத் தெரியாதா? ஒரு ஆள் வராததற்கு மொத்தக் கோரும் கோழையா?

சூரமங்கலத்தான்:
கோழை என்று நான் எழுதவில்லை, மேலே போய்ப் படியுங்கள். துப்பாக்கி என்றுதான் எழுதினேன். கட்டுப் போடுவதைப் பற்றியும் நீங்கள் பேச வேண்டாம். போன வருடம் ஏற்காடு ரோட்டில் வேன் கவிழ்ந்தபோது ஒருத்தர் காலில் துண்டை முறுக்கிக் கட்டினீர்கள், கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் சத்தம் போட்டாராமே?

கொண்டைஊசி 20:
கூடவே இருந்தவன் நான், கேள்விப்பட்டவர் நீங்கள். ரத்தம் பீய்ச்சி அடித்தது. காயத்துக்கு நாலு விரல் மேலே துண்டைச் சுற்றி, ஸ்பேனரை விட்டு முறுக்கி, கட்டின நேரத்தை 4.40 என்று பேனாவால் அவர் நெற்றியிலேயே எழுதினேன். டாக்டர் சத்தம் போட்டது வேன் டிரைவரை. அந்த ஆள் இன்று நடக்கிறார்.

ஆத்தூர் வாசகன்:
கொரியப் போருக்குப் போன நம் மருத்துவ யூனிட், 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸையும் சொல்லியாக வேண்டும். 1950 டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து எல்லாரும் பின்வாங்கும்போது மருந்தையும் கருவிகளையும் விட்டுவர மனமில்லாமல், சும்மா கிடந்த நீராவி ரயில் எஞ்சினைத் தாங்களே கிளப்பி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கமாண்டர் ஏ.ஜி. ரங்கராஜ். அடுத்த மார்ச்சில் அமெரிக்க பாராசூட் படையோடு குதித்தார், மகாவீர் சக்ரா வாங்கினார்.

சூரமங்கலத்தான்:
ரயில் ஓட்டியிருக்கிறார்கள். சரி.

கொண்டைஊசி 20:
சரி என்றால் என்ன சரி? 2023 ஜூலையில் சியாச்சினில் எங்கள் கோர் டாக்டர் கேப்டன் அன்ஷுமான் சிங் தீக்குள் இருந்தவர்களை வெளியே இழுத்துவிட்டு மருந்து அறைக்குத் தீ பரவியது என்று திரும்ப உள்ளே போய் உயிரை விட்டாரே, கீர்த்தி சக்ரா கொடுத்தார்களே, அவரையும் கேட்பீர்களா துப்பாக்கி எங்கே என்று?

சூரமங்கலத்தான்:
அவரைக் கேட்க மாட்டேன். உங்களைத்தான் கேட்கிறேன். முதல் நாளே கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

மலைக்காற்று:
எனக்கும்தான் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அம்மா வருகிறார். நாற்காலி எங்கே என்று இப்போதே சொல்லுங்கள்.

கொண்டைஊசி 20:
நாற்காலி போடுகிற கமிட்டியில் சூரமங்கலத்தார்தான் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள். பேனரில் என் படம் இந்த முறையாவது வருமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.