புதுப்பிப்பு: அந்த ஜெரேனியம் படம் கையால் வண்ணம் தீட்டியதுதான்

பாளையங்கோட்டையில் பழைய சாமான்களோடு வாங்கிய தென்னாப்பிரிக்க ஜெரேனியம் பூச்செடிப் படம் அசலா, பின்னால் அச்சடித்ததா என்று கேட்டிருந்தேன் அல்லவா? சட்டத்தைப் பிரித்துப் பார்த்தாச்சு. பூதக்கண்ணாடியில் பார்த்தால், பின்னால் அச்சடித்த படங்களில் தெரியும் வண்ணப் புள்ளிகளே இல்லை. ஓர் இலையில் பச்சை, கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது. (அன்றைக்கும் அவசர வேலைதான் போல!) ஓரத்தில், கோட்டுப் படத்தை அச்சடித்தபோது செப்புத்தகடு அழுந்திய தடம் விரலுக்கே தட்டுப்படுகிறது. அடியில் கர்ட்டிஸ் பெயர், 1794. அவர் லண்டனில் 1787-இல் தொடங்கிய தாவர இதழின் தாள். அந்த இதழுக்கு 1948 வரை கையால்தான் வண்ணம் தீட்டினார்கள். அதனால் கைவண்ணம் மட்டும் பழமைக்குச் சான்றாகாது, தகட்டுத் தடமும் ஆண்டும் சேர வேண்டும்.

விலை கேட்டவர்களுக்கு: விற்பதாக இல்லை. குற்றாலத்து அத்தை கேட்டார்கள், சாரல் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்று அவர்களுக்கும் மறுத்துவிட்டேன். அமிலமில்லாத அட்டை வாங்கியதும் வெயில் படாத சுவரில் மாட்ட வேண்டும்.