டிபெட்6-க்குப் பழகிய செல்களில் பிஆர்டி4 சிதையவில்லை. சிஆர்பிஎன் இருக்கிறது, கோளாறு எங்கே?

கேள்வி:
சினைப்பைப் புற்றுநோய்ச் செல்வரிசை. டிபெட்6 ப்ரோடாக் வகை மருந்து: பிஆர்டி4 புரதத்தைச் சிஆர்பிஎன் வழி லிகேஸிடம் (சிதைக்க வேண்டிய புரதத்தில் குறியிடும் நொதி) சேர்த்துச் சிதைக்க வைப்பது. டிபெட்6 அளவைப் படிப்படியாக ஏற்றி 3 மாதம் வளர்த்தது. மூலச் செல்களில் 100 நானோமோலார், 4 மணி நேரத்தில், புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பிஆர்டி4 பட்டை மறைந்துவிடுகிறது. பழகிய செல்களில் 1 மைக்ரோமோலாரிலும் அப்படியே நிற்கிறது. சிஆர்பிஎன் பட்டை தெளிவாக உண்டு. வேறொரு லிகேஸான விஎச்எல் வழி பிஆர்டி4-ஐச் சிதைக்கும் எம்இசட்1-ம் பலிக்கவில்லை. பிஆர்டி4-ஐச் சிதைக்காமல் வெறுமனே தடுக்கும் ஜேக்யூ1 மட்டும் பழையபடி செல்களைக் கொல்கிறது. பிஆர்டி4 மரபணுவை வரிசைப்படுத்தலாமா?

பதில் 1:
அதற்கு அவசரமில்லை. ஜேக்யூ1 வேலை செய்கிறதென்றால் பிஆர்டி4-இல் மருந்து உட்காரும் குழி கெடவில்லை. இரண்டு லிகேஸ் வழிகளும் ஒருசேர அடைபட்டிருப்பதால் முதலில் மருந்தைச் செல்லிலிருந்து வெளியேற்றும் ஏபிசிபி1 பம்பைப் பாருங்கள். எம்இசட்1 சுமார் 1000 டால்டன், ஜேக்யூ1 அதில் பாதிகூட இல்லை. ப்ரோடாக் போன்ற பெரிய மூலக்கூறுகள் இந்தப் பம்பிடம் எளிதில் மாட்டும்.

அந்தப் பம்பைத் தடுக்கும் ஸோசுகிடார் 1 மைக்ரோமோலார் 1 மணி நேரம் முன்னதாகக் கொடுங்கள். அதை அகற்றாமலேயே டிபெட்6, எம்இசட்1 இரண்டையும் தனித்தனிக் கிணறுகளில் 4 மணி நேரம். ஸோசுகிடார் மட்டும் போட்ட கிணறு இல்லாமல் முடிவை நம்ப வேண்டாம். இதே பம்பு வெளியேற்றும் பாக்ளிடாக்செலையும் செல்கள் தாங்கினால் சந்தேகம் வலுக்கும். டிபெட்6-ஐ 10 மைக்ரோமோலாருக்கு ஏற்றிப் பார்க்காதீர்கள்: மருந்து மிகும்போது வரும் ஹூக் விளைவில் லிகேஸும் பிஆர்டி4-ம் தனித்தனி மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும், மூன்றும் கூடிய கூட்டமைப்பு உருவாகாது.

பதில் 2:
பட்டை தெரிவது வேறு, புரதம் வேலை செய்வது வேறு. சிஆர்பிஎன்-இல் டிபெட்6 உட்காரும் தாலிடோமைடு குழியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் சிஆர்பிஎன் பட்டை அதே இடத்தில்தான் நிற்கும். பொமாலிடோமைடு கொடுத்து, சிஆர்பிஎன் வழி ஐகேஇசட்எஃப்1 புரதம் குறைகிறதா என்று பார்க்கும் சோதனை இரத்தச் செல்களுக்கானது, இங்கே உதவாது. சிஆர்பிஎன் வழியே ஜிஎஸ்பிடி1 புரதத்தைச் சிதைக்கும் சிசி-885 கொடுத்து 4 மணி நேரத்தில் அது குறைகிறதா பாருங்கள், அதையும் ஸோசுகிடாருடன். கூடவே சாதாரண ஆக்சிஜனில், விஎச்எல் வழக்கமாகச் சிதைக்கும் ஹிஃப்-1ஆல்ஃபா புரதத்தின் பட்டை: அது தேங்கியிருந்தால் விஎச்எல் அல்லது அதன் துணைப் புரதம் கல்லின்2 பழுது.

கேட்டவர்:
ஸோசுகிடாருடன் எம்இசட்1 முழுமையாக மீண்டது. டிபெட்6 கொஞ்சமும் மீளவில்லை, ஜிஎஸ்பிடி1-ம் குறையவில்லை. ஹிஃப் தேக்கம் இல்லை.

பதில் 1:
அப்படியானால் பூட்டு இரண்டு. எம்இசட்1 மீண்டதால் லிகேஸை இயங்க வைக்கும் நெட்8, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியாசோம் எல்லாம் நலம். டிபெட்6-க்குப் பம்போடு சிஆர்பிஎன் பழுதும் சேர்ந்திருக்கிறது. கலவையான கூட்டமாக இருந்தால் ஸோசுகிடாரில் டிபெட்6 பாதியாவது மீண்டிருக்கும்; இங்கே ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இரண்டும் உள்ளன.

ஆனாலும் சிஆர்பிஎன் மரபணுவை வரிசைப்படுத்துமுன் ஒற்றைச் செல் குளோன்கள் 10 எடுங்கள். வெவ்வேறு பிறழ்வுகள் கலந்திருந்தால் சாங்கர் முறை வரிசைப்படுத்தலின் முகடுகள் குழம்பும். மரபணுத் துண்டுகளோடு நிறுத்தாமல் ஆர்என்ஏ-விலிருந்து எடுத்த சிடிஎன்ஏ முழுவதையும் படியுங்கள், எக்ஸான் 10 விடுபட்ட வடிவம் அப்போதுதான் சிக்கும். பிறகு லென்டிவைரஸில் இயல்பான சிஆர்பிஎன் செலுத்தி, ஸோசுகிடாருடன் டிபெட்6. பிஆர்டி4 மறைந்தால் உறுதி.