பன்றித் தீவனக் கையேடு: ‘மீடியம் செயின் ஃபேட்டி ஆசிட்’டுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

கால்நடை மருத்துவர்:

அனைவருக்கும் வணக்கம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றாகத் தீவனத்தில் சேர்க்கும் கொழுப்பு அமிலங்களுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறோம். கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக், லாரிக் என்று 6 முதல் 12 கார்பன் அணுக்கள் வரை சங்கிலியாகக் கோத்தவை. நான்குக்கும் பொதுவாக ‘நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலம்’ என்று எழுதினேன். நடுத்தரம் என்றால் தரம் குறைந்த சரக்கு என்று படிப்பார்கள் என மெய்ப்புப் பார்த்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொல்வது நியாயம்தான். வேறு சொல் தாருங்கள்.

தமிழாசிரியர்:

சங்கிலியும் அமிலமும் வடமொழி வழி வந்தவை. தொடர் இருக்கிறது, காடி இருக்கிறது. குறுந்தொடர், இடைத்தொடர், நெடுந்தொடர் என்று வரிசையாகவும் அமையும். ‘இடைத்தொடர்க் கொழுப்புக்காடி’ என்று துணிந்து எழுதுங்கள். இன்னொன்று. வரைவில் ‘பன்றிக்குட்டி’ என்று இருக்கிறது. நாய், பன்றி, புலி, முயல் நான்கின் இளமைக்கும் தொல்காப்பிய மரபியல் சொல்லும் பெயர் குருளை. பெண் பன்றிக்குப் பிணவு. கையில் இருக்கும் சொல்லை ஏன் விட வேண்டும்?

கால்நடை மருத்துவர்:

ஐயா, நெடுந்தொடர் என்றால் எல்லோருக்கும் தொலைக்காட்சிதான் நினைவுக்கு வரும். காடி என்றால் தீவனம் கலப்பவர் வினிகரை எடுத்து ஊற்றிவிடுவார். அது 2 கார்பன் அசிட்டிக் அமிலம். நமக்கு வேண்டியது வேறு. குட்டிக்கு மூன்று, நான்கு வாரத்தில் தாய்ப்பாலை மறக்கடிக்கிறோம். அந்த வயதில் இரைப்பையில் போதுமான அமிலம் சுரக்காது. ஈ.கோலை பாக்டீரியா பெருகி, வால் நனைந்து, கழிச்சலில் குட்டி இரண்டே நாளில் ஒட்டிப்போகும். இந்த அமிலங்கள் நுண்ணுயிரியின் மேலுறையைக் குலைக்கின்றன. அயனியாகப் பிரியாமல் உள்ளே போன மூலக்கூறு அங்கே ஹைட்ரஜன் அயனியை விட்டு உட்புறத்தைப் புளிப்பாக்குகிறது. பெயர் எதுவானாலும் கலப்பவருக்கு எந்த டப்பா என்று தெரிய வேண்டும்.

வேதியியல் பேராசிரியர்:

கேப்ரா என்றால் லத்தீனில் வெள்ளாடு. கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக் மூன்றுக்கும் ஆட்டு வாடை உண்டு, அதனால்தான் அந்தப் பெயர். 4 கார்பன் உள்ள பியூட்டிரிக் அமிலத்தின் பெயர் வெண்ணெயிலிருந்து வந்தது, லாரிக் லாரஸ் மரத்திலிருந்து. நாமும் வெள்ளாட்டமிலம், வெண்ணெயமிலம் என்று போகலாமே? தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக்தான், அதைத் தெங்கமிலம் எனலாம்.

கால்நடை மருத்துவர்:

அழகாக இருக்கிறது, ஆனால் தெங்கமிலம் என்றதும் தேங்காய் எண்ணெயையே ஊற்றுவார்கள். ஆட்டு வாடை உண்மையான தொல்லைதான். அளவு கூடினால் குட்டி தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். அதனால்தான் கொழுப்பின் ஒரு கூறான கிளிசராலோடு பிணைத்துக் கொடுக்கிறோம். இரைப்பையில் லைபேஸ் நொதி அதைப் பிரித்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்:

சங்கிலியைவிடப் பெரிய சிக்கல் ‘எதிர்ப்பு’. வரைவில் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பி, கிருமி மருந்துக்கு மசியாமல் போவது எதிர்ப்பு, குட்டியின் உடல்வலிமை எதிர்ப்புச் சக்தி. ‘எதிர்ப்பி தந்தால் எதிர்ப்பு வளரும்’ என்று படிப்பவர் நல்லதுதானே என்று நினைப்பார். கையேட்டின் நோக்கமே தலைகீழாகிவிடும். வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் அடியோடு நிறுத்தியது கிருமி இப்படி மசியாமல் போகும் ஆபத்தால்தான். 2015இல் சீனாவில் பன்றிகளிடம் கண்ட எம்.சி.ஆர்-1 மரபணு, கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத தன்மையை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துகிறது. இதை ‘மருந்துக்கு மசியாமை’ என்றே எழுதுங்கள். கொச்சை என்று யாரும் தள்ள வேண்டாம்.

தலைப்புச் சொல்லுக்கு: ‘நடுச்சங்கிலி’ என்றால் நடுவில் கிடக்கும் சங்கிலி என்று பொருள்படும். சங்கிலியையே எடுத்துவிட்டு ‘இடைநீளக் கொழுப்பமிலம்’ என்றால் என்ன? குறுநீளம், இடைநீளம், நெடுநீளம். வரிசையும் கெடாது.

வேதியியல் பேராசிரியர்:

எதன் நீளம்? கார்பன் தொடர் என்பது சொல்லிலேயே இருக்க வேண்டும். மாணவர்களுக்கு இது போதாது.

கால்நடை மருத்துவர்:

முதல் தடவை வரும்போது அடைமொழியோடு விளக்கிவிடுகிறேன் ஐயா. ஐந்து பேர் இடைநீளத்துக்குச் சரி சொல்லியிருக்கிறார்கள். அதையே போடுகிறேன். ‘மருந்துக்கு மசியாமை’யும் போகிறது. குருளையை ஒரு பெட்டிச் செய்தியில் சேர்க்கிறேன், உள்ளே குட்டிதான்.

தமிழாசிரியர்:

இடைநீளம் சரி. அமிலத்துக்கு நான் உடன்படவில்லை, பதிவில் இருக்கட்டும். குருளை பெட்டிக்குள் அடைபடுவதற்கும்தான்.