கை நடுங்கினாலே பார்க்கின்சன்தானா?

கேள்வி:
வயது 71. டம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் இரண்டு கையும் நடுங்குகிறது, வலது கையில் கொஞ்சம் கூடுதல். மடியில் வைத்திருந்தால் நடுக்கம் இல்லை. ரத்த அழுத்தத்துக்கும் தலைசுற்றலுக்கும் மாத்திரை எடுக்கிறார். பார்க்கின்சன் ஆரம்பமா? டாக்டரிடம் போகும் முன் எதைக் கவனித்து வைக்க வேண்டும்?

பதில் 1:
நடுக்கம் எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. வேலை செய்யும்போது வந்து ஓய்வில் அடங்கினால் எசென்ஷியல் ட்ரெமருக்கே (வேறு நோய் காரணமில்லாமல் தானாக வரும் நடுக்கம்) வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் இரண்டு கையிலும் வரும். தலையும் குரலும்கூட நடுங்கலாம். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருப்பது சகஜம். பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போது, ஒரு பக்கத்தில் தொடங்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரையை உருட்டுவதுபோல, நொடிக்கு 4 முதல் 6 தடவை அசையும். எதையாவது எடுக்கப் போனால் குறையும்.

அதைவிட முக்கியம் மந்தம். பொத்தான் போட நேரமாகிறதா, நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்குகிறதா, எழுத எழுத எழுத்து சிறுத்துவிடுகிறதா என்று பாருங்கள். அசைவில் மந்தம் இல்லாமல் நடுக்கத்தை மட்டும் வைத்துப் பார்க்கின்சன் என்று சொல்வதில்லை.

கோடு போடாத தாளில், கையை ஊன்றாமல், ஒவ்வொரு கையாலும் ஒரு சுருள் வரையச் சொல்லுங்கள். எசென்ஷியல் ட்ரெமரில் சுருளின் அளவு குறையாது, கோடுதான் ரம்பப் பல் மாதிரி நெளியும். பார்க்கின்சனில் சுருள் சிறுத்து நெருக்கமாகும். பிறகு கையை மடியில் வைத்து, 100-இலிருந்து ஏழேழாகக் குறைத்து எண்ணச் சொல்லுங்கள். ஒளிந்திருக்கும் ஓய்வு நடுக்கம் அப்போது வெளியே வரும். தாளில் தேதி போட்டு, எண்ணும்போது கையை வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

பதில் 2:
தலைசுற்றல் மாத்திரை எது? சின்னாரிசின், புரோகுளோர்பெரசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு மூன்றும் மூளையில் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பவை. வயதானவர்கள் நீண்ட நாள் தொடர்ந்தால் பார்க்கின்சன் மாதிரியே நடுக்கமும் இறுக்கமும் வரலாம். சால்பூட்டமால் இன்ஹேலர், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், மனநிலை மாற்றத்துக்குத் தரும் லித்தியம், இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன் ஆகியவை வேலை செய்யும்போது வரும் நடுக்கத்தைக் கிளப்பலாம்.

பதில் 3:
டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) அவசியம். மெல்லிய, வேகமான நடுக்கத்தோடு எடைக் குறைவும் படபடப்பும் இருந்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்வையோடு நடுக்கம் வந்தால் உடனே ரத்தச் சர்க்கரையை அளந்து பாருங்கள். 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி அளக்க வேண்டும். திடீரென்று ஒரு பக்கம் பலவீனம், வாய் கோணல், பேச்சுக் குழறல் என்றால் அவசர சிகிச்சைக்கே போங்கள்.

கேள்வி கேட்டவர்:
அட்டையில் சின்னாரிசின் 25 மி.கி. என்று இருக்கிறது. 8 மாதமாக எடுக்கிறார்.

பதில் 2:
அந்த அட்டையையும் சுருள் தாளையும் சேர்த்துக் காட்டி, "இது இன்னும் தேவையா?" என்று நேராகக் கேளுங்கள். நீங்கள் சொன்ன நடுக்கம் எசென்ஷியல் வகை போலத்தான் தெரிகிறது, ஆனாலும் இந்த மருந்து காரணமா என்று டாக்டர் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. நிறுத்தியபின் தெளிய சில மாதங்கள்கூட ஆகலாம், இரண்டு வாரத்தில் மாறவில்லை என்று பயப்பட வேண்டாம். நடுக்கத்துக்கு ப்ரொப்ரனலால் என்ற மாத்திரை எழுதினால், ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மூச்சுக்குழாயை அது சுருக்கிவிடும்.